உள்ளுக்கு விட்ட துணி

சாரனுக்கு அளவில்லை. இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ஒரு தையல், அவ்வளவுதான். தடித்தவனும் உடுக்கலாம், மெலிந்தவனும் உடுக்கலாம். இடுப்பில் விழும் மடிப்பில்தான் வித்தியாசம். எங்கள் வாப்பாமார் கடைக்கும் பள்ளிக்கும் கலியாண வீட்டுக்கும் சாரனோடுதான் போனார்கள். நோயில் விழுந்து பாதி ஆளாக எழும்பி வந்தாலும் முகம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும், உடுப்புக் காட்டிக்கொடுக்காது. அளவெடுத்துத் தைத்த களிசானும் கொலர் வைத்த சேர்ட்டும் வந்த பிறகுதான் ஆளுடைய உடம்பின் வரவு செலவு அவனுடைய உடுப்பிலேயே தெரியத் தொடங்கியது. முப்பத்தைந்து வருடம் கண்டியில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதியவன் என்பதால் இந்த வார்த்தைகள் எனக்குத் தானாக வருகின்றன. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்டிக்குக் களிசான் வந்த கதையை எனக்குச் சொன்னவர் என் பால்ய நண்பர். சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் 'மாஸ்டர்', எனக்கு மட்டும் மச்சான். எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்று, 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா 1892 முதல் கண்டியில் வாழ்ந்து 1901இல் நாடு திரும்பியதையும், அவரையும் அவரோடு வந்தவர்களையும் பார்த்து எங்களவர்கள் துருக்கித் தொப்பியும் களிசானும் அணியத் தொடங்கியதையும் மாஸ்டர் வகுப்பில் நாடகம் போலச் சொல்வாராம். ஹலொலுவ வீதியில் பாஷா இருந்த வீட்டுக்கு வருடா வருடம் பிள்ளைகளைக் கூட்டிப் போவார். அந்த வீடு 1983இலிருந்து கலாசார நிலையமாக இருக்கிறது. திரும்பி வரும் வழியில் 1905ஆம் ஆண்டுத் தொப்பி விவகாரத்தையும் சொல்லி முடிப்பார். வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் நின்றதும், பிரதம நீதியரசர் லேயார்ட் அதற்கு இடம் கொடுக்காததும், அந்த டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் திரண்டதும், பிறகு அந்த உரிமை கிடைத்ததும் அவருக்கு மனப்பாடம்.

இப்படிப்பட்ட மனிதர்தான் நாலு வருடமாகத் தனக்கு இரண்டு மடங்கு பெரிய உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

மாஸ்டர் அந்தக் காலத்தில் நல்ல ஆகிருதி. கரும்பலகைக்கு முன்னால் நின்றால் பாதிப் பலகை மறையும் என்று மாணவர்கள் சொல்வார்கள். சீனி வருத்தம் வந்தது. எங்கள் நாட்டில் அது யாருக்கு வரவில்லை? 2005, 2006இல் நடந்த ஆய்வொன்றிலேயே பெரியவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சீனி வருத்தமோ அதற்கு முந்திய நிலையோ இருப்பது தெரியவந்தது. மாஸ்டர் பல வருடம் அதைக் கவனிக்காமல் விட்டார். இரத்தத்தில் சீனி நிறைந்து கிடந்தாலும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாதபோது, கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உடம்பு தன் பாட்டைப் பார்க்கிறது என்று கிளினிக்கில் டொக்டர் விளங்கப்படுத்தினார். ஒரே வருடத்தில் ஆள் உருகிப் போனார். மருந்து ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய பின் இறங்குவது நின்றது. கொஞ்சம் ஏறவும் செய்தது. ஆனால் அறுபத்தைந்து வயதுக்கு மேல் கரைந்த தசை அப்படியே திரும்பி வருவதில்லை.

உடுப்பு மட்டும் பழைய ஆளுக்கு உரியதாகவே இருந்தது. தோள்மூட்டில் இருக்க வேண்டிய தையல் கைச்சந்துக்குப் பாதி வழியில் கிடந்தது. கொலருக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போனால் சரியான அளவு என்பார்கள்; இவருக்கு ஒரு முஷ்டி போகும். பெல்ட்டில் ஆணி அடித்து ஓட்டை போட்டு, அதுவும் முடிந்து, அதன் வால் முதுகுப் பக்கம் வரை சுற்றிப் போயிருந்தது. இறுக்கிக் கட்டிய இடுப்பில் களிசான் துணி அரிசி மூட்டையின் வாய் போலச் சுருங்கி நின்றது.

சுபஹுக்குப் பிறகு நாங்கள் இருவரும் வாவியைச் சுற்றி நடப்போம். ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்கு மேல். காற்றடித்தால் மாஸ்டரின் களிசான் பாய்மரம் போல ஊதும். எதிரே வருகிறவர்கள் முன்பெல்லாம் ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது நின்று, இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து "மாஸ்டருக்கு என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ரமழானில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் வழமையாகத் தொழும் பள்ளியில், ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, மிகுந்த மரியாதையோடு, மாஸ்டரை ஒரு தூணடிக்கு அழைத்துப்போய் ஸகாத் பட்டியலில் அவருடைய பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். மாஸ்டர் அதைப் பகிடியாகவே எனக்குச் சொன்னார். "பென்ஷன்காரனுக்கு நல்ல காலம் பொறந்தீக்குது மச்சான்" என்று சிரித்தார். அன்றைக்கு அஸருக்கு அவர் பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்: "நானா, நீங்களாவது சொல்லுங்கோ. நான் சொன்னாக் கேக்கிற இல்ல. பழைய சேர்ட்டுகளை எடுத்து ஒளிச்சும் பாத்திட்டன். தேடி எடுத்துப் போடுறார்."

அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. முதலில் சாதாரணமாகத்தான் கேட்டேன். கொழும்பு வீதியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எங்கள் இருவருக்கும் தெரிந்த டெய்லர் நானா இருக்கிறார், இரண்டு களிசான் தைத்துக்கொள்வோம் என்றேன். 2022க்குப் பிறகு துணி விற்கிற விலை தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். அது நியாயமான கேள்வி. அப்படியானால் இருப்பதைப் பிடித்துத் தைக்கலாம், அதற்குக் கூலி மட்டும்தானே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் வேறு.

"கொஞ்சம் பொறு மச்சான். உடம்பு ஏறிக்கொண்டு வருகுது. பிடிச்சுத் தச்சிட்டா அப்புறம் இதெல்லாம் பத்தாமப் போகும்."

அது செவ்வாய்க்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது மீண்டும் பேச்செடுத்தேன்.

"என்னத்துக்கு மச்சான் இந்த வயசில தையலும் அளவும்? இனி எனக்கு எடுக்க ஈக்கிறது ஒரே ஒரு உடுப்பு. அதுக்கு டெய்லரும் வாணாம், அளவும் வாணாம்."

வாசகர்களுக்கு விளங்கும், அவர் கபனைச் சொன்னார். ஆணுக்கு மூன்று துண்டு, தையல் இல்லாதது. மூன்று நாளைக்கு முன் இழந்த உடம்பெல்லாம் திரும்பி வரப் போகிறது என்று சொன்ன அதே வாய், இன்றைக்கு மவுத்துக்குத் தயார் என்று சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது இரண்டும் ஒரே பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. முன்பிருந்த உடம்பை அவர் ஒத்துக்கொள்கிறார். இனிமேல் வரப்போகிற மையித்தையும் ஒத்துக்கொள்கிறார். இடையில் இன்றைக்கு நடந்து திரிகிற இந்த மெலிந்த மனிதர்தான் தான் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அளவுநாடா இடுப்பைச் சுற்றினால் ஓர் இலக்கம் சொல்லும். அந்த இலக்கத்துக்குத்தான் அவர் பயந்தார்.

கபன் பேச்சுக்கு என்னிடம் பதில் இருந்தது. கடையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு நான் கபன் புடவை கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த நாள் வாவிக்கரையில் சொன்னேன்: "கபனுக்கும் அளவு ஈக்குது மச்சான். ஆளுடைய நீளமும் அகலமும் கேட்டுத்தான் நாங்க புடவை கிழிச்சிக் குடுக்கிற. மையித்துக்கே அளவு பாக்கிற சமூகம், உசிரோட ஈக்கிறவனுக்குப் பாக்கப்படாதா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பிறகு பேச்சை மாற்றினார்.

அப்துல் காதரையும் இழுத்துப் பார்த்தேன். உடுப்பு என்றால் மரியாதை என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், இப்படித் தொங்கவிட்டுக்கொண்டு திரியலாமா என்றேன். "அந்தாள் தொப்பிக்காக நின்றார், தையலுக்காக இல்ல" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். சரித்திர ஆசிரியரிடம் சரித்திரத்தால் வாதாடப் போகக்கூடாது.

இதற்கிடையில், உடுப்பு மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை என்பதைக் காட்டும் ஒரு சம்பவம் நடந்தது. மாஸ்டரின் வீடு மஹியாவையில் சரிவான இடத்தில் இருக்கிறது. பாதையிலிருந்து வீட்டுக்கு இறங்கப் படிக்கட்டு. கண்டியில் யாருடைய வீட்டுக்குத்தான் படிக்கட்டு இல்லை? இடுப்பு பெருத்துப்போன களிசான் கீழே இறங்கிவிடும். இறங்கினால் கால்முனை செருப்புக்கு அடியில் போகும். ஒரு மழை நாளில் தன் களிசானைத் தானே மிதித்து நாலு படி சறுக்கி விழுந்தார். முழங்கையும் முழங்காலும் உரிந்தன. எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. "மிதிச்சது தெரியல்ல மச்சான்." கவனிக்கவில்லை என்று சொல்கிறார் என்றுதான் கேட்கிறவர் நினைப்பார். விஷயம் அதுவல்ல. நீண்டகாலச் சீனி வருத்தம் பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்கிறது. குதிக்கு அடியில் துணி மடிந்து கிடந்தாலும் அது மூளைக்குப் போய்ச் சேராது. எனக்கோ உங்களுக்கோ கால்முனை செருப்புக்குள் போனால் பாதமே சொல்லிவிடும். அவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. சப்பாத்து விஷயத்திலும் இதே கதைதான் என்று கிளினிக் தாதி சொன்னார். கால் மரத்தவர்கள் இறுக்கம் தெரியாமல் சின்ன அளவைத் தெரிவு செய்துகொள்வார்கள், புண் வந்து ஆறாமல் போன பிறகுதான் தெரியும். சப்பாத்து வாங்குவதானால் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போய், இரண்டு காலையும் அளந்து வாங்க வேண்டும் என்றார். வீட்டில் இப்படியான நோயாளி இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விழுந்த பிறகாவது சம்மதிப்பார் என்று நினைத்தோம். களிசானின் கால்முனையை இரண்டு தடவை மடித்துவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசியில் உதவிக்கு வந்தது அவருடைய பழைய வாழ்க்கைதான். 1993இல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியபோது மாஸ்டர் அக்குறணைப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் இருந்தார். துணி இலவசம், தையல்கூலி இலவசமில்லை. உம்மாமார் என்ன செய்வார்கள்? வளருகிற பிள்ளைதானே என்று மூன்று வருடத்துக்குப் போதுமான பெரிய அளவில் தைத்துவிடுவார்கள். ஆறாம் ஆண்டுப் பையன் ஒன்பதாம் ஆண்டுக் களிசானோடு வருவான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுவான். ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாட்டான். மாஸ்டர் அதைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு டெய்லரைச் சனிக்கிழமைகளில் பாடசாலைக்குக் கூட்டிவந்து, கூலியில் பாதியைத் தானும் எங்களைப் போன்ற சிநேகிதர்களும் போட்டு, பிள்ளைகளுக்கு அளவாகத் தைக்க ஏற்பாடு செய்தார். உம்மாமார் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வருடம் பத்தாதே என்றார்கள். மாஸ்டர் அவர்களுக்குச் சொன்ன பதில் எனக்கு நினைவிருந்தது, ஏனென்றால் அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில் நானும் பக்கத்தில் நின்றேன்.

துணியை வெளியில் விட வேண்டாம், உள்ளுக்கு விடுங்கள் என்றார். இடுப்பின் பின்தையலில் இரண்டு அங்குலம், கால்முனையில் மூன்று அங்குலம், எல்லாவற்றையும் உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் இன்றைக்கும் அளவு, நாளைக்கும் அளவு. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம்.

நான் அதைத்தான் சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பின்னேரம் அவர் வீட்டு விறாந்தையில் இஞ்சிப் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தோம். "அக்குறணையில அந்தப் புள்ளைகளுக்கு உள்ளுக்கு விட்டுத் தைச்ச மாதிரி உனக்கும் தைப்பம். உடம்பு ஏறினாப் பிரிச்சு விடலாம்" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தின இஞ்சி விடுவாங்க?" என்று கேட்டார்.

டெய்லர் நானாவிடம் 1980களிலிருந்து வைத்திருக்கும் அளவுக் கொப்பி இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தச் சந்தில் மட்டும் நாலைந்து தையல் மெஷின் ஓடும். ஆயத்த உடுப்பு வந்து எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சேர்ட்டுகள் நடைபாதையில் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன; வெள்ளைக்காரன் உடம்புக்கு வெட்டியது, கை மட்டும் எங்களுக்கு நாலு விரல் நீளம். அதை வாங்கிப் போடுகிறவர்களுக்குத் தங்களுடைய தோளின் அளவே தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

நானா மாஸ்டருடைய பக்கத்தைத் தேடி எடுத்தார். இடுப்பு 40, நெஞ்சு 42, கொலர் பதினாறரை. பிறகு நாடாவை எடுத்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நானா வழமையாக அளவுகளைச் சத்தமாகச் சொல்லி எழுதுகிறவர். அன்றைக்கு ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பழைய அளவை வெட்டவும் இல்லை. அதற்குக் கீழே புதிய வரியாக எழுதினார்: 33, 37, 15.

"மாஸ்டர், முன்னுக்கு ஒரு நீளம், பின்னுக்கு ஒரு நீளம் எடுக்கணும்" என்றார். வயது போனால் முதுகு லேசாக வளைகிறது. பின்பக்கம் கூடுதலாக வேண்டும், முன்பக்கம் குறைய வேண்டும். ஒரே அளவில் வெட்டினால் சேர்ட் முன்னால் தொங்கி, பின்னால் ஏறி நிற்கும். கடையில் தொங்குகிற சேர்ட் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. ஐம்பது வருடம் கரும்பலகையில் குனிந்து எழுதிய முதுகு இது என்று மாஸ்டர் சமாளித்தார். முப்பத்திரண்டு வருடம்தான். நான் திருத்தவில்லை.

பழைய களிசான்களைப் பிடித்துத் தைக்க முடியாது என்று நானா சொல்லிவிட்டார். பின்தையலில் இரண்டு, மிஞ்சினால் மூன்று அங்குலம் எடுக்கலாம். ஏழு அங்குலம் எடுத்தால் பின்பொக்கட் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடும். ஆகவே களிசான் இரண்டு புதிதாக. சேர்ட்டுகளில் மூன்றை மட்டும் தோளைப் பிரித்து, கையைக் கழற்றி, புதிதாகச் சந்து வெட்டி, கொலரையும் மாற்றித் தர ஒத்துக்கொண்டார். பக்கவாட்டில் மட்டும் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லும் டெய்லர்களை நம்பக்கூடாது. தோள் சரியில்லாத சேர்ட்டைப் பக்கத்தில் எவ்வளவு பிடித்தாலும் அது இரவல் சேர்ட்தான். நானா கேட்ட கூலி குறைவில்லை. ஆனால் அது தையல்கூலியில்லை, பிரித்துக் கோர்க்கும் கூலி.

இறுக்கமாக இருக்குமோ என்று மாஸ்டருக்குக் கடைசிவரை சந்தேகம். ருகூவுக்குக் குனியும்போது இழுக்குமா, ஸுஜூதில் முழங்கால் மடங்குமா என்று கேட்டார். நானா அவரைக் கடைக்குள்ளேயே குனிந்து காட்டச் சொல்லி, அதற்கும் ஓர் அளவு எடுத்தார். தளர்வு என்பது வேறு, பெரிது என்பது வேறு. தளர்வை டெய்லர் கணக்குப் பார்த்து வைக்கிறார். பெரிதுக்குக் கணக்கே இல்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு உடுப்பை எடுத்து வந்தோம். வீட்டில் போட்டுப் பார்த்தார். மனைவி வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் முக்காட்டுத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ஆள் மெலிந்துதான் இருந்தார், அதை எந்த டெய்லராலும் மறைக்க முடியாது. ஆனால் மெலிந்த ஒரு மனிதர் உடுத்தி நிற்பதாக இருந்தது. உடுப்புக்குள் யாரோ இருப்பதாக இல்லை. மாஸ்டர் களிசானின் இடுப்பை வெளியே புரட்டி, உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியை விரலால் அளந்து பார்த்தார். இரண்டு அங்குலம் சரியாக இருந்தது.

அந்த வாரம் வாவியைச் சுற்றும்போது ஒரு முறைப்பாடும் வந்தது. பழைய சேர்ட்டின் பொக்கட்டில் கிளினிக் கொப்பியும், சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போட வைத்திருக்கும் டொபியும், மூக்குக்கண்ணாடியும் ஒன்றாகக் கொள்ளுமாம். புதியதில் கண்ணாடி மட்டும்தான் கொள்ளுகிறதாம்.

"உன்னுடைய பேச்சைக் கேட்டதில டொபி வைக்க இடமில்லாமப் போச்சு" என்றார்.

மறுநாள் அவரே தனியாகப் போய், சேர்ட்டுக்கு உள்பக்கம் ஒரு பொக்கட் வைத்துத் தரும்படி டெய்லர் நானாவிடம் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அது நானா சொல்லித்தான் தெரியும்.